திரையில் வைத்த அடிஸ்கேல்

2005-இல் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ஏற்றுமதிக் கோட்டா முறை 2004 டிசம்பரோடு முடிந்துவிட்டதால் ஆர்டர் மேல் ஆர்டர் வந்துகொண்டிருந்த சமயம். கம்பெனிக்குள் மட்டும் ஓடுகிற பேக்கிங் லிஸ்ட் பக்கத்தை நான்தான் எழுதியிருந்தேன். பக்கம் எழுத பிஎச்பி மொழி, டேட்டாபேஸுக்கு மைஎஸ்க்யூஎல், ஆபீஸ் ஓரத்தில் ஒரு பழைய சர்வர், அவ்வளவுதான்.

ஒரு நாள் சாயங்காலம் பேக்கிங் செக்‌ஷனுக்குப் போனேன். சூப்பர்வைசர் அக்கா 15 இஞ்ச் மானிட்டரின் கண்ணாடி மேல் ஒரு ஸ்டீல் அடிஸ்கேலைக் குறுக்காக வைத்து, இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நோட்டில் எண்களை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு வரி எழுதியதும் ஸ்கேலைக் கொஞ்சம் கீழே இறக்குவார். மறுபடி எழுதுவார்.

"என்னக்கா இது?" என்றேன்.

"வரி ஓடுதுங்க தம்பி. நூத்திப் பதினேழாம் பொட்டியில ஆரம்பிச்சா, கடைசியில நூத்திப் பதினெட்டுல போயி நிக்குது. ஸ்கேல் வெச்சாத்தான் தப்பாம வருது."

முந்தின வாரம் நடந்த சங்கதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த லிஸ்டில் ஒரு பெட்டிக்கு ஒரு வரி. பெட்டி எண், ஆர்டர் எண், ஸ்டைல், நிறம், அப்புறம் எஸ், எம், எல், எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல், மொத்த பீஸ், நிகர எடை, மொத்த எடை என்று 12 கட்டங்கள். ஒரு ஷிப்மென்டில் 140 பெட்டி. திரை பளிச்சென்று இருக்கட்டும் என்று கோடு எதுவும் போடாமல், வெள்ளை மேல் கறுப்பு எழுத்தாக விட்டிருந்தேன். 117-ஆம் பெட்டியில் எம் 24, எல் 24. 118-இல் எம் 20, எல் 28. இரண்டிலும் மொத்தம் 48. கூட்டிப் பார்த்தாலும் தப்பு தெரியாது, தராசில் வைத்தாலும் தெரியாது. பையர் சார்பில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ஒரு பெட்டியைப் பிரித்தபோதுதான் ஸ்டிக்கரில் ஒன்றும் உள்ளே வேறொன்றும் இருந்தது தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி 22 பெட்டிகளைப் பிரித்து எண்ணி மறுபடி டேப் ஒட்டினார்கள். தூத்துக்குடி லாரி விடியற்காலையில்தான் கிளம்பியது. பேக்கிங் பெண்களுக்குக் கவனம் போதவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த ஸ்கேலைப் பார்த்ததும் தப்பு எங்கே இருக்கிறது என்று புரிந்துவிட்டது. பெட்டி எண் இடது ஓரத்தில் இருக்கிறது, சைஸ் எண்ணிக்கை வலது பக்கத்தில். நடுவில் கண்ணுக்குப் பிடிமானமே இல்லை.

அன்று ராத்திரியே ஒரு வரி விட்டு ஒரு வரி நிறம் போட உட்கார்ந்தேன்.

முதலில் கைக்கு எட்டிய வழியில் செய்தேன். டேட்டாபேஸில் ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஐடி எண் இருக்கிறதே, அது ஒற்றைப்படை என்றால் வெள்ளை, இரட்டைப்படை என்றால் பச்சை. சோதித்துப் பார்த்தபோது அழகாக வந்தது. மறுநாள் காலையில் ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர் மூன்று பெட்டிகளை ரத்து செய்தார். 41, 42, 43 போனதும் 40-ஆம் எண்ணுக்கு அடுத்து 44 வந்தது, பச்சைக்குக் கீழே பச்சை. மத்தியானம் யாரோ நிறவாரியாக வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். நாலு வெள்ளை, இரண்டு பச்சை, ஒரு வெள்ளை, மூன்று பச்சை என்று சிதறிப்போனது. ஐடி என்பது டேட்டாவுக்குச் சொந்தம். திரையில் அது எத்தனையாவதாக வந்து நிற்கிறது என்பதற்கும் ஐடிக்கும் தொடர்பே இல்லை. பட்டை என்பது படிக்கிறவர் கண்ணுக்காகப் போடுவது, ஆகவே திரையில் வரும் வரிசையைத்தான் எண்ண வேண்டும். பிஎச்பி-யில் வரிகளை ஒவ்வொன்றாக அச்சடிக்கிற லூப் தொடங்கும் முன் ஒரு எண்ணியைப் பூஜ்யத்தில் வைத்து, ஒவ்வொரு வரி அச்சானதும் ஒன்று கூட்டி, அதை 2-ஆல் வகுத்த மீதியைப் பார்த்து நிறம் கொடுத்தேன். மீதி 0 என்றால் ஒரு நிறம், 1 என்றால் இன்னொன்று. அப்புறம் எத்தனை பெட்டியை ரத்து செய்தாலும் எப்படி வரிசைப்படுத்தினாலும் பட்டை கலையவில்லை.

வகுத்து வரும் மீதி என்கிற கணக்கை நான் காலேஜில் படித்தது உண்மைதான். ஆனால் மனசில் உட்கார்ந்தது அதே காம்பவுண்டில் இருந்த நிட்டிங் யூனிட்டில். பட்டை போட்ட டி-ஷர்ட் துணி அங்கே ஓடும். பீடர் ஸ்ட்ரைப் என்பார்கள். வட்ட மெஷினைச் சுற்றி நூல் ஊட்டுகிற பீடர்கள் வரிசையாக இருக்கும். 24 இஞ்ச் டயா மெஷின் என்றால் 72 பீடர். ஒவ்வொரு பீடரும் ஒரு வரி பின்னும். முதல் பீடரில் வெள்ளைக் கோன், அடுத்ததில் நேவி, அடுத்ததில் வெள்ளை என்று மாட்டிவிட்டால் மெஷின் ஒரு சுற்று சுற்றி வந்ததும் டிசைன் முதலிலிருந்து தொடங்கும். 2 வரிக்கு ஒருமுறை திரும்பும் டிசைன் என்றால் 72-இல் மீதியில்லாமல் போகும். 5 வரிக்கு ஒருமுறை என்றால் 2 மிஞ்சும், அந்த இரண்டு பீடருக்கும் நூல் கொடுக்காமல் விட்டு 70-இல் ஓட்டுவார்கள். மாஸ்டர் இதைக் காகிதம் பேனா இல்லாமல் சொல்வார். என் லூப்பில் வரும் மீதியைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இன்றைக்கும் அந்த மெஷின்தான் கண்முன் வருகிறது.

நிறம் பச்சையாக அமைந்ததற்குக் காரணம் எங்கள் சீனியர் அண்ணா. அதற்கு முன் அவர் ஒரு ஸ்பின்னிங் மில்லின் இடிபி என்கிற கம்ப்யூட்டர் டிபார்ட்மென்டில் பல வருடம் இருந்தவர். நான் ராத்திரி உட்கார்ந்து செய்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, பீரோவிலிருந்து மடிப்பு மடிப்பான பழைய பிரின்ட் அவுட் கட்டு ஒன்றை எடுத்து வந்து மேசைமேல் போட்டார். இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்ட கன்டினியூயஸ் பேப்பர். அதில் வெளிர்பச்சைப் பட்டைகள் அச்சடித்தே வந்திருந்தன. ஒரு வரியில் 132 எழுத்து அடிக்கிற லைன் பிரின்டர்களுக்கான காகிதம் அது. ஐபிஎம் 1959-இல் கொண்டுவந்த 1403 பிரின்டரே வரிக்கு 132 எழுத்து, நிமிடத்துக்கு 600 வரி அடிக்கும். அவ்வளவு அகலத்தில் பெயர் இடது கோடியிலும் சம்பளம் வலது கோடியிலும் இருந்தால் கண் எப்படித் தாங்கும்? அதனால் காகிதத்திலேயே பட்டை.

அந்தக் காகிதத்தை உற்றுப் பார்த்தபோது ஒன்று கவனித்தேன். பட்டை ஒரு வரி அளவுக்கு இல்லை. அரை இஞ்ச் பச்சை, அரை இஞ்ச் வெள்ளை. ஒரு இஞ்ச்சுக்கு 6 வரி அடித்தால் ஒவ்வொரு பட்டைக்குள்ளும் 3 வரி வரும். பச்சையின் மேல் வரி, நடு வரி, கீழ் வரி என்று கண் தானாகவே பிரித்துக்கொள்ளும். வரிக்கு வரி மாறினால் திரை முழுக்கக் கோடு கோடாகி ஒரு மாதிரி ஆடுவது போலிருக்கும், இதில் அது இல்லை. பிறகு நூல் ஸ்டாக் லிஸ்டுக்கு இப்படித்தான் செய்தேன். வரி எண்ணை 0-இலிருந்து எண்ணி, 3-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, மிஞ்சும் முழு எண்ணை மறுபடி 2-ஆல் வகுத்த மீதியைப் பார்த்தால் போதும். 400 வரி லிஸ்டுக்கு இதுதான் கண்ணுக்கு இதம் என்பது என் அனுபவம். ஏனோ வெப் பக்கங்களில் இதை யாரும் செய்து நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் பச்சை நிறம் ஒரு மாதத்துக்கு மேல் நிலைக்கவில்லை. கணக்குப் பார்க்க வந்த ஒருவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பச்சையில இருக்கிறதெல்லாம் ஷிப் ஆயிடுச்சா?" என்று கேட்டார். எனக்குத் திக்கென்றது. மேனேஜரும் அப்படித்தான் எண்ணியிருந்தாராம், ஆனால் யாரிடமும் கேட்கவில்லை. பச்சை என்றால் சரி, சிவப்பு என்றால் நில் என்று ஊரே பழகியிருக்கிறது. பட்டைக்கு எந்த அர்த்தமும் இருக்கக்கூடாது. ஒரு அர்த்தம் இருப்பதாக யாருக்காவது தோன்றிவிட்டால் அந்தப் பட்டை பொய் சொல்கிறது என்றே அர்த்தம். அன்றிலிருந்து நான் பட்டைக்குச் சாம்பல் தவிர வேறு நிறம் போட்டதில்லை. தாமதமான ஆர்டருக்குச் சிவப்பு, முடிந்ததற்குப் பச்சை என்று காட்ட வேண்டுமானால் அதற்கென்று தனிக் கட்டம் வைத்து, நிறத்தோடு கூட ஒரு சொல்லையும் எழுதிவிடுகிறேன். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக இருக்கிறார்கள்.

சாம்பல் என்றாலும் எவ்வளவு சாம்பல் என்பது முக்கியம். வெப் பக்கங்களுக்கான ஆயத்த வடிவமைப்புத் தொகுப்பான பூட்ஸ்ட்ராப் 3-இல் வந்த பட்டை அட்டவணையில் சிவப்பு, நீலம், பச்சை மூன்றின் அளவும் 249. முழு வெள்ளை என்றால் 255. நல்ல திரையில் அது மென்மையாகத் தெரியும். குடோனில் வைத்திருக்கிற மலிவான எல்சிடி திரையை நின்றுகொண்டு மேலிருந்து பார்த்தால் பட்டையே காணாமல் போய்விடும். நான் 238-இல் நிறுத்துகிறேன். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வெள்ளை மேல் படிக்க முடிகிற சாம்பல் எழுத்து, சாம்பல் பட்டை மேல் மங்கிவிடும். எழுத்துக்கும் பின்புலத்துக்கும் 4.5-க்கு 1 என்ற அளவிலாவது வித்தியாசம் வேண்டும் என்பது பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வகுத்த விதி. 118 சாம்பல் எழுத்து வெள்ளை மேல் இந்த அளவைத் தாண்டும், 238 பட்டை மேல் தாண்டாது. ஆகவே எழுத்தைக் கறுப்பாகவே விடுவது நல்லது.

அடுத்த பாடம் அச்சடிக்கும்போது வந்தது. அக்கா லிஸ்டை பிரின்ட் எடுத்து பேக்கிங் டேபிளுக்கு மேலே ஒட்டுவது வழக்கம். காகிதத்தில் பட்டையே இல்லை. மை மிச்சம் பிடிக்க பிரவுசர்கள் பின்புல நிறத்தை வழக்கமாக அச்சடிக்காமல் விட்டுவிடுகின்றன. இப்போது பக்கத்தின் தோற்றத்தை எழுதுகிற சிஎஸ்எஸ்-இல் நிறத்தை அப்படியே அச்சடிக்கச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. நான் அதை நம்பி இருப்பதில்லை. ஒவ்வொரு வரிக்கும் அடியில் மெல்லிய கோடு ஒன்றும் போட்டுவிடுகிறேன், கோடு காகிதத்தில் கட்டாயம் வரும்.

பேக்கிங் லிஸ்டில் உண்மையான அலகு வரியே அல்ல என்பது இன்னும் கொஞ்ச நாள் போனபின்தான் தெரிந்தது. ஒரு ஸ்டைலுக்கு ஐந்து நிறம் இருந்தால் ஐந்து வரி வரும். அக்கா தேடுவது முதலில் ஸ்டைலை, அதற்குள் நிறத்தை. அப்படியானால் ஸ்டைலுக்கு ஸ்டைல்தான் பட்டை மாற வேண்டும். இதற்கு எண்ணியே வேண்டாம். முந்தைய வரியின் ஸ்டைல் எண்ணை நினைவில் வைத்துக்கொண்டு, இந்த வரியில் அது மாறியிருந்தால், 1-இலிருந்து பழைய நிற எண்ணைக் கழித்துப் புது நிற எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். 0 என்றால் 1 ஆகும், 1 என்றால் 0 ஆகும். டேட்டாபேஸிலிருந்து எடுக்கும்போதே ஸ்டைல்வாரியாக வரிசைப்படுத்தி எடுப்பது மட்டும் கட்டாயம், இல்லையென்றால் ஒரே ஸ்டைல் பிரிந்து இரண்டு இடத்தில் நிற்கும். இப்போது எச்டிஎம்எல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு குழுவையும் டிபாடி என்கிற, வரிகளைச் சேர்த்துக் கட்டும் உறைக்குள் போட்டு, அந்த டிபாடிக்கு நிறம் மாற்றினால் வேலை முடிந்தது.

இந்த எண்ணி வேலையெல்லாம் சர்வரிலிருந்து பிரவுசருக்கு இடம் மாறியது எங்களுக்கு மெதுவாகத்தான் நடந்தது. சிஎஸ்எஸ் 3-இல், எத்தனையாவது வரி என்று பார்த்து நிறம் போட வந்த என்த்-சைல்டு ஒரே வரியில் எல்லாவற்றையும் முடித்துவிடும். இரட்டைப்படை வரிக்கு இந்த நிறம் என்று சொன்னால் போதும். ஆனால் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அது 2011-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்துதான் வேலை செய்தது. எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் விண்டோஸ் எக்ஸ்பி, அதில் 9-ஆம் பதிப்பு ஏறவே ஏறாது. அதனால் கொஞ்ச காலம் ஜேக்வெரி என்கிற ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை வைத்து ஓட்டினோம். அதில் ஒரு குழப்பம் உண்டு. ஜேக்வெரி வரிகளை 0-இலிருந்து எண்ணும், சிஎஸ்எஸ் 1-இலிருந்து எண்ணும். இரண்டிலும் இரட்டைப்படை என்றுதான் எழுதுவோம், ஆனால் நிறம் விழுவது வேறு வேறு வரியில். ஒரே பக்கத்தில் இரண்டையும் வைத்திருந்த ஒரு நாள் அட்டவணை முழுக்கச் சாம்பலாக நின்றது. காரணம் கண்டுபிடிக்க எனக்கு அரை நாள் ஆனது.

என்த்-சைல்டு வந்த பிறகும் ஒரு குறை இருந்தது. பக்கத்தின் மேலே தேடல் பெட்டி வைத்து, நேவி என்று அடித்தால் மற்ற நிற வரிகள் மறைகிற மாதிரி செய்திருந்தேன். மறைந்த வரிகள் கண்ணுக்குத்தான் இல்லை, பக்கத்துக்குள் இருக்கின்றன. என்த்-சைல்டு அவற்றையும் சேர்த்து எண்ணும். ஆக, பழைய ஐடி தவறே வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் ஜாவாஸ்கிரிப்டில் தெரிகிற வரிகளை மட்டும் எண்ணி மறுபடி நிறம் பூசுவதுதான் பல வருடம் ஒரே வழி. இப்போது என்த்-சைல்டுக்குள்ளேயே மறைந்தவை நீங்கலாக எண்ணு என்று சொல்லலாம். சஃபாரியில் இது 2015-லிருந்தே இருக்கிறது. குரோமுக்கும் ஃபயர்ஃபாக்ஸுக்கும் 2023-இல் வந்தது. அன்றைக்கு நான் உட்கார்ந்து 30 வரி ஜாவாஸ்கிரிப்டை அழித்தேன், மனசுக்கு நிறைவாக இருந்தது.

பட்டை உண்மையிலேயே உதவுகிறதா என்று கேட்பவர்களும் உண்டு, நியாயமான கேள்விதான். 2008-இல் ஜெசிகா எண்டர்ஸ் என்பவர் ஆட்களை வைத்துச் சோதித்தார். முதல் சோதனையில் பட்டை போட்ட அட்டவணைக்கும் போடாததற்கும் பெரிய வித்தியாசம் எதுவும் கிடைக்கவில்லை. அடுத்ததில் பட்டைக்குச் சற்றே சாதகமாக வந்தது, பார்ப்பவர்களுக்கும் அதுதான் பிடித்திருந்தது. நான்கு கட்டம், பத்து வரி உள்ள சின்ன அட்டவணைக்குப் பட்டை வேண்டியதில்லை என்று நானும் சொல்வேன். வரிகளுக்கு இடையில் கொஞ்சம் இடம் விட்டாலே போதும். 12 கட்டம், 140 வரி, நாள் முழுக்க நின்று வேலை பார்த்த கண், தலைக்கு மேலே டியூப்லைட் என்று வரும்போது நிலைமை வேறு. அதோடு தமிழில் பொருள் பெயர் போடுகிற அட்டவணை என்றால் பட்டை இன்னும் அவசியம். நம் சொற்கள் நீளம், கட்டத்துக்குள் இரண்டு மூன்று வரியாக மடிந்துவிடும். ஒரு பொருள் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் பட்டைதான் காட்டிக்கொடுக்கும்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பச்சைப் பட்டை போட்டு நாலைந்து நாள் கழித்து பேக்கிங் செக்‌ஷனுக்கு மறுபடி போயிருந்தேன். ஸ்கேல் மேசை டிராயருக்குள் போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால், அது இன்னும் மானிட்டர் மேலேயே இருந்தது. இந்த முறை நெட்டுக்குத்தாக.

"வரி இப்பத் தப்பலீங்க தம்பி" என்றார் அக்கா. "மேல எம்மு, எல்லுன்னு போட்டிருக்கீங்கல்ல, அது கீழ எறங்க எறங்க மேல போயிருதுங்க. எது எம்மு, எது எல்லுன்னு தெரிய மாட்டீங்குது."

தலைப்பை மேலேயே ஒட்ட வைத்துக்கொள்ள அப்போது சிஎஸ்எஸ்-இல் வழி கிடையாது. ஆபீஸுக்குத் திரும்பிப் போய், 15 பெட்டிக்கு ஒருமுறை தலைப்பு வரி மறுபடி வருகிற மாதிரி லூப்பை மாற்றினேன். தலைப்பு வரி வரும்போது மட்டும் எண்ணியைக் கூட்டாமல் விட்டேன்.